நாற்பது வயதில் ஜெர்மனிக்கு பிஎச்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, குடும்பத்தோடு ஜெர்மனிக்கு பிஎச்டி செய்ய வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். குளிருக்கு என்ன உடுப்பது, புழுங்கலரிசி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் வந்த வாரத்திலேயே பிடிபட்டுவிடும். இருபத்து நான்கு வயது மாஸ்டர்ஸ் மாணவருக்குச் சொன்ன யோசனையை நாற்பது வயதுக்காரர் அப்படியே பின்பற்றுவதுதான் பெரிய சிக்கல்.

மாணவர் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்று நம்பி வருவது

அதிகம் பணத்தைக் கரைப்பது இதுதான். இத்தனை பேர் பட்ட பிறகும் இது தொடர்வதைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.

அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் மாணவர்களுக்கான குறைந்த கட்டணம் முப்பது வயது வரைதான். பிஎச்டி மாணவர் என்றால் வயது குறைவாக இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது. உங்களை உள்ளே சேர்ப்பது மாணவர் அட்டை அல்ல, வேலை ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால் சம்பளத்தில் 14.6 சதவீதமும் கொஞ்சம் கூடுதல் கட்டணமும் காப்பீட்டுக்குப் போகும். அதில் பாதியைப் பல்கலைக்கழகம் கட்டும். வருமானம் இல்லாத மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். சர்க்கரை, பிரஷர் இருக்கிறது என்று யாரையும் ஒதுக்கவும் முடியாது.

வெறும் ஸ்காலர்ஷிப்பில் வருகிறவர் நிலைமை வேறு. அரசுசார் காப்பீட்டில் தானாக விரும்பிச் சேர, ஏற்கெனவே அதில் தொடர்ந்து 12 மாதமோ, கடந்த 5 வருடத்தில் 24 மாதமோ இருந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேராக வருகிறவருக்கு அது எப்படி இருக்கும்? கடைசியில், இணையத்தில் மலிவாகக் கண்ணில் பட்ட, வெளிநாட்டு விருந்தினர்களுக்கான தனியார் பாலிசியை வாங்கிவிடுகிறார்கள். முன்பே இருக்கும் நோய்களுக்கு அது பொதுவாகப் பணம் தராது. நாற்பது வயதில் மாத்திரை இல்லாத வீடு எத்தனை? குடும்பத்தில் ஆளுக்கொரு பாலிசி வேறு. விசா நீட்டிப்பின்போது வெளிநாட்டினர் அலுவலகம் அதை ஏற்காமல் போகவும் கூடும்.

அதனால் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே, உங்களுக்கு இடம் தந்து வந்த கடிதத்தைப் பாருங்கள்: ‘ஆர்பைட்ஸ்ஃபெர்ட்ராக்’ என்றிருந்தால் வேலை ஒப்பந்தம், ‘ஸ்டிபெண்டியம்’ என்றிருந்தால் உதவித்தொகை. உதவித்தொகை என்றால், சில மணிநேர ஆய்வு அல்லது கற்பித்தல் வேலை தர முடியுமா என்று பேராசிரியரிடமும், அதற்கு அனுமதி உண்டா என்று உதவித்தொகை தருகிறவர்களிடமும் எழுதிக் கேளுங்கள். சம்பளம் மினிஜாப் (காப்பீட்டில் சேர்க்காத சிறுவேலை) வரம்பைத் தாண்ட வேண்டும். 2025இல் அது மாதம் 556 யூரோவாக இருந்தது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், வேலை முடிந்த பிறகும் முழுக் கட்டணத்தை நீங்களே கட்டி உறுப்பினராகத் தொடரலாம். டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகையில் வருகிறவருக்கு அந்த அமைப்பே காப்பீடு எடுத்துத் தரும். குடும்பத்துக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுபவச் சான்றிதழை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது

மாநிலப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி வேலைக்கு பெரும்பாலும் ஈ-13 (E 13) என்ற சம்பள விகிதம். பாதி வேலை, 65 சதவீத வேலை என்று தருவார்கள். அந்த விகிதத்துக்குள் படிகள் உண்டு. முந்தைய ஆய்வு, கற்பித்தல் அனுபவத்தை ஏற்றுக்கொண்டால் முதல் படிக்குப் பதிலாக மேல் படியில் தொடங்கலாம். ‘இவர் எங்களிடம் பணியாற்றினார்’ என்ற ஒருவரிக் கடிதம் போதாது. தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்ன பாடம், என்ன ஆய்வு என்று தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே மேல் படியைக் கேளுங்கள்.

விசா எந்தப் பிரிவில் என்று பார்க்காதது

ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் 16பி என்ற பிரிவு படிப்புக்கு, 18டி என்ற பிரிவு ஆய்வாளருக்கு. 16பி என்றால் துணைவர் பொதுவாக ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையில் தேறியாக வேண்டும். 18டி என்றால் அது தேவையில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தரும் ஆய்வாளர் ஏற்பு ஒப்பந்தம் வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்போடு. ஒன்பதாவது படிக்கும் பிள்ளையை மொழி தெரியாமல் அழைத்து வருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

பேராசிரியர் கூப்பிடுவார் என்று காத்திருப்பது

கூப்பிட மாட்டார். நீங்கள் நேரம் கேளுங்கள்.

தபால்பெட்டியில் பெயர் ஒட்டாதது

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அன்றைக்கே பெட்டியிலும் அழைப்புமணியிலும் குடும்பப் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி பின் நம்பர் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கணவன், மனைவி, பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் வெவ்வேறு பெயர் இருந்தால் அத்தனையும் ஒட்டுங்கள்.