பழங்காசு பார்க்கப் போகும் வீட்டில் விடும் பிழைகள்

புளி போட்டுக் காசை மினுக்கக் கூடாது என்பது இப்போது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதை விடுவோம். யாழ்ப்பாண அரசர் அடித்த சேதுக் காசும், இலட்சுமி உருவம் பொறித்த பழைய உலோகத் துண்டான இலட்சுமித் தகடும் தேடி ஊர் ஊராகத் திரியத் தொடங்குபவர்கள் சறுக்குவது, காசு வைத்திருப்பவரின் வீட்டு விறாந்தையில்தான்.

பொறுக்கி எடுப்பது

வீட்டுக்கார ஐயா பழைய ஹோர்லிக்ஸ் போத்தலைக் கொண்டுவந்து பாயில் கொட்டுவார். நாற்பது ஐம்பது காசு இருக்கும். போனவர் நந்தி தெளிவாகத் தெரிகிற, அதன் கீழே 'சேது' என்று வாசிக்க முடிகிற ஐந்தாறைப் பொறுக்குவார். தேய்ந்ததும் உடைந்ததும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துத் துட்டும் திரும்பப் போத்தலுக்குள் போகும். அடுத்த முறை பழைய இரும்பு வாங்குபவன் தெருவால் வரும்போது போத்தலோடு போய்விடும். எத்தனை தரம் சொன்னாலும் நடக்கிற இந்தக் கூத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

சேதுக் காசில் ஆண்டு இல்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அந்த அரசர்கள் அடித்த காசு அதற்குப் பிறகும் ஊரில் எவ்வளவு காலம் கைமாறியது என்பதைக் காசின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. கூடக் கிடந்தவை சொல்லும். ஒல்லாந்தக் கம்பனியின் துட்டில் ஆண்டு பொறித்திருக்கும். ஒரே பானையில் கிடைத்த சேதுக் காசுகளோடு 1750 என்று போட்ட துட்டு ஒன்று இருந்தால், அந்தப் பானை 1750க்கு முன்னர் மூடப்பட்டிருக்காது. கடைசியாக விழுந்த காசுதான் முழுச் சேமிப்புக்கும் காலம் சொல்கிறது. புதியவர் பெறுமதியில்லை என்று தள்ளிவிடுவதும் அநேகமாக அதையேதான்.

ஆகவே பாயில் கொட்டியதும் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் எடுத்ததா, பலர் சேர்த்துப் போட்டதா என்று முதலில் கேளுங்கள். பலர் சேர்த்தது என்றால் மேலே சொன்ன கணக்குச் செல்லாது. பிறகு முழுக் குவியலையும் ஓர் அளவுகோலோடு படம் எடுங்கள். எண்ணுங்கள். அதன் பின்னர்தான் ஒவ்வொன்றாக இரு பக்கமும், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம், 0.01 கிராம் காட்டும் தராசில் நிறை, விட்டம்.

எங்கே கிடைத்தது என்று கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "இது கந்தரோடையோ ஐயா?" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால், வந்தவரின் முகம் கோணக்கூடாது என்று "ஓம், இருக்கும்" என்பார். கந்தரோடை யாழ்ப்பாணத்தில் பழம்பொருட்கள் கிடைத்த பேர்பெற்ற இடம். 1917 தொடக்கம் போல் ஈ. பீரிஸ் (Paul E. Pieris) என்ற ஆய்வாளர் அங்கே அகழ்ந்த காலத்திலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு மவுசு. எங்கே எடுத்த செம்புத் துண்டுக்கும் அதை ஒட்டிவிடுகிறார்கள். "ஆர் எடுத்தது, எந்தக் காணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடியிருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு, உறுதியில் பரப்போடு எழுதியிருக்கும். "அம்மப்பா மேற்கு வளவில் கிணறு வெட்டினபோது" என்றால் அதே சொற்களில் சீட்டில் எழுதி, காணிப் பெயரையும் திகதியையும் போட்டு, கூடவே பானை ஓடோ சங்கு வளையலோ வந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டின் பிரதி ஒன்று வீட்டாரிடமும் இருக்கட்டும். அந்த ஐயாவுக்குப் பிறகு இதைச் சொல்ல வீட்டில் ஆளிருக்காது.

அதன் பின்னரும் குவியலைப் பிரிக்க வேண்டாம். படத்தையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு காசை அவரிடமே விட்டு வருவது நட்டமில்லை. அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

புதிதாகத் தோண்டியதைக் கைமாற்றுவது

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி நிலத்திலிருந்து புதிதாக வெளிப்படும் தொல்பொருள் அரசின் சொத்து. அறிவித்தே ஆகவேண்டும். வீட்டில் பழையகாலம் தொட்டு இருப்பதை வாங்குவதற்கு முன்னரும் தொல்லியல் திணைக்களத்தில் கேட்டுத் தெளியுங்கள்.

விலையை முதலில் கேட்பது

தேத்தண்ணி குடித்து முடியட்டும்.

கையிலிருந்து கைக்குக் கொடுப்பது

துணியில் வையுங்கள், மற்றவர் அங்கிருந்து எடுக்கட்டும். பிடிப்பது விளிம்பில். சீமெந்து நிலத்தில் விழுந்து உடைந்த இலட்சுமித் தகட்டுக்கு "நான் விடவில்லை, நீதான்" என்று இரண்டு பேர் வருடக்கணக்கில் கதைக்காமல் இருப்பார்கள்.

சபையில் "கள்ளக்காசு" என்பது

அடித்துச் செய்த சேதுக் காசின் விளிம்பில், உருக்கி அச்சில் ஊற்றியதைக் காட்டும் வார்ப்பு வரையோ, முகத்தில் குமிழித் துளைகளோ தெரிந்தால் சந்தேகம் சரிதான். அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருக்கலாம், வார்ப்பு வரை இராது. ஆனாலும் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்காதீர்கள். படலையடியில் தனியாகச் சொல்லுங்கள். அவமானப்பட்டவர் மற்ற நல்ல காசுகளையும் உங்களுக்கு ஒருநாளும் காட்டமாட்டார்.

காணியின் படத்தைப் பரப்புவது

வாட்ஸ்அப்பில் கிணறும் வேலியும் தெரியப் படம் போட்டால், புதையல் தேடுபவன் இரவில் மண்வெட்டியோடு வருவான். காசு மட்டும் தெரியட்டும்.

கனடா மச்சானின் பயணப்பை

உத்தரவுப் பத்திரம் இல்லாமல் ஒரு காசுகூட நாட்டை விட்டுப் போகக்கூடாது. மச்சான் கோபித்தால் கோபிக்கட்டும்.