ஓபன் ட்யூனிங்குக்கு எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓபன் ட்யூனிங்கில் வாசிக்க ஆசைப்பட்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவர்கள், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கழுத்து வளைந்திருக்கிறதா பார், பழைய கம்பியோடு வாங்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். சாதாரண ட்யூனிங்கில் அருமையாக ஒலித்த கிட்டார், ட்யூனிங்கை மாற்றியதும் ஏன் படுத்துகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: இடது கையால் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழு கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பது ஓபன் ட்யூனிங். ஓபன் டி என்றால் தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ச ப ச க ப ச என்று பாடிப் பார்க்கலாம். காந்தாரம் அந்தர காந்தாரம். ஓபன் ஜி அதே கணக்கில், ஜி-யை ச என்று வைத்தால், ப ச ப ச க ப.

மிதக்கும் பிரிட்ஜை வாங்குவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். பிரிட்ஜ் என்பது கிட்டார் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பாகம்; கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் படியும் பள்ளக்கட்டைதான் நட். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இது ஒன்றுதான்.

என்னிடம் வந்த ஒரு பையன், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பூட்டு நட்டும் (கம்பிகளை இறுக்கிப் பூட்டும் நட்) மிதக்கும் பிரிட்ஜும் உள்ள கிட்டாரை வாங்கியிருந்தான். "ஓபன் ஜி-யில் ஸ்லைடு வாசிக்கப் போகிறேன்" என்று கடையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறான் (ஸ்லைடு என்பது விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கும் குழாய்). "எல்லா ட்யூனிங்கும் வரும், டாப் மாடல்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் வந்து நின்றான். "அண்ணா, ஒரு கம்பியைச் சரி பண்ணினா மத்த அஞ்சும் கெட்டுப்போகுது. கிட்டார் ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை. அந்த பிரிட்ஜின் வேலையே அதுதான். பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் இருக்கும். ஆறு கம்பிகளும் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்க, நடுவே பிரிட்ஜ் உடம்பைத் தொடாமல் நிற்கிறது. வாமி பாரை (பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியை) அமுக்கவும் தூக்கவும் முடிவது அதனால்தான்.

இப்போது ஓபன் ஜி-க்கு வருவோம். ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளை (தடித்தது ஆறாவது, மெல்லியது ஒன்றாவது) இரண்டு ஃபிரெட் அளவு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் இரண்டின் அளவு, இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் அந்தக் கம்பியின் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். ஆறாவதை இறக்கிய உடனே ஸ்பிரிங்கின் கை ஓங்குகிறது, பிரிட்ஜ் பின்னால் சாய்கிறது, தொடாத கம்பிகளெல்லாம் சுருதி ஏறுகின்றன. ஐந்தாவதை இறக்கினால் இன்னும் சாய்கிறது. ஒன்றாவதை முடித்துவிட்டு ஆறாவதுக்குத் திரும்பி வந்தால் அது டி-யைத் தாண்டி மேலே நிற்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். சாய்ந்த பிரிட்ஜ் கம்பிகளையும் தாழ்த்திவிடுவதால் ஃபிரெட்டில் உரசும் சத்தம் வேறு சேர்ந்துகொள்ளும். பூட்டு நட் இருந்தால் இத்தனைக்கும் முன்னால் ஆலன் கீ எடுத்து மூன்று பூட்டையும் தளர்த்தியாக வேண்டும். பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகுகள் சின்னத் திருத்தத்துக்குத்தான் உதவும்.

சரி, பொறுமையாக உட்கார்ந்து சேர்த்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தொல்லை தீராது. ஓபன் ட்யூனிங்கின் அழகே, ஒரு கம்பியில் மெலடி போகும்போது பக்கத்துக் கம்பிகள் சுருதிப்பெட்டி மாதிரி ஒலித்துக்கொண்டிருப்பதுதான். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை வளைத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து, ஒலித்துக்கொண்டிருக்கும் மற்ற கம்பிகள் கீழே இறங்கும். காது உள்ள யாருக்கும் அது உறுத்தும்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ட்யூனரைப் பொருத்தி ஆறு கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவதை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். மற்ற ஐந்தையும் மறுபடி ட்யூனரில் பாருங்கள். அவை தெளிவாக ஏறியிருந்தால் அந்தக் கிட்டார் உங்களுக்கு வேண்டாம். கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம்.

எதை வாங்கலாம்? கம்பிகள் உடம்புக்குள் புகுந்து பின்பக்கம் நிற்கும் டெலிகாஸ்டர் வகை, அசையாத டெயில்பீஸ் உள்ள லெஸ் பால், எஸ்ஜி வகை, இல்லையென்றால் ஹார்ட்டெயில் (அசையாத பிரிட்ஜ் உள்ள) ஸ்ட்ராட். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஓபன் ஜி-க்கு டெலிகாஸ்டரைத்தான் எடுப்பார். ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு, ஜி அடியில் வரும்படி ஐந்து கம்பியில் வாசிப்பார். ஓபன் ஈ-யில் ஸ்லைடு வாசிக்கும் டெரெக் டிரக்ஸின் கையில் இருப்பது எஸ்ஜி.

ஏற்கெனவே மிதக்கும் பிரிட்ஜ் உள்ள ஸ்ட்ராட் வகை வாங்கிவிட்டவர்கள் விற்க ஓட வேண்டாம். ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, உள்ளே இருக்கும் இரண்டு பெரிய திருகுகளை இறுக்கினால் பிரிட்ஜ் உடம்போடு படிந்துவிடும். கம்பியை வளைக்கும்போது இன்னும் எழும்புகிறது என்றால் உள்ளே அளவாக ஒரு மரக்கட்டை வைத்து அடைத்துவிடலாம். அந்தப் பையனுடையதையும் இரண்டு பக்கமும் கட்டை வைத்துத்தான் நிறுத்தினோம். எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தானோ அதையே அடைத்துப் போட வேண்டியதாயிற்று.

மெல்லிய கம்பியோடு இறங்குவது

கடையில் மாட்டியிருப்பது பெரும்பாலும் 9-42 (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஓபன் டி-க்கு இறக்கினால் தொளதொளத்து, கொஞ்சம் பலமாக மீட்டினாலே சுருதி தாண்டும். 10-46-க்குக் கீழே போகாதீர்கள்; ஓபன் டி-யிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் 11-இல் தொடங்கும் செட் நல்லது. ஓபன் சி இன்னும் கடினம். ஆறாவது கம்பி ஈ-யிலிருந்து சி வரை இறங்குவதால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதற்கு 24.75 அங்குல லெஸ் பாலைவிட 25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) உள்ள டெலிகாஸ்டர் நன்றாகப் பிடித்து நிற்கும்.

நட்டைக் கவனிக்காமல் விடுவது

ட்யூனிங் மாற்றும்போதெல்லாம் கம்பி நட்டின் பள்ளத்தில் வழுக்கி நகர வேண்டும். சாவியைத் திருகும்போது "டிங்" என்று சத்தம் கேட்டுச் சுருதி துள்ளினால், கம்பி அங்கே சிக்குகிறது. தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்று சாவி உள்ள கிட்டார்களில் நடுக் கம்பிகள் இரண்டும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் விலகிப் போவதால் அதிகம் சிக்கும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவுங்கள். தடித்த செட்டுக்கு மாறியிருந்தால் பள்ளத்தை அகலப்படுத்தச் சொல்லுங்கள். சாவியை மாற்றச் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

ஓபன் ஈ-க்கு ஏற்றுவது

கம்பிகளை இறுக்கி ஏற்றாதீர்கள். ஓபன் டி வையுங்கள், இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) போடுங்கள். அதே சுரங்கள், கழுத்துக்குப் பாரம் இல்லை.

பிக்கப்பைப் பார்த்து முடிவு செய்வது

பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லைடுக்கும் விரலுக்கும் ஒரே செட்டப்

ஸ்லைடுக்குக் கம்பி உயரமாக வேண்டும், விரலுக்குத் தாழ்வாக வேண்டும். ஒரே கிட்டார்தான் என்றால் பிரிட்ஜில் மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். நட்டை உயர்த்தினால் முதல் ஃபிரெட்டுகளில் அழுத்தும்போது சுருதி ஏறிவிடும். ஃபிரெட்போர்டின் வளைவையும் பாருங்கள். 7.25 அங்குல ரேடியஸ் உள்ள பழைய பாணிக் கழுத்தில் நேரான ஸ்லைடு நடுக் கம்பிகளை அமுக்கும், ஓரக் கம்பிகளைச் சரியாகத் தொடாது. 12 அங்குலத்தில் ஆறும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்லைடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே வைத்து ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள்.