எஸ்யூவியில் மூடிய டிரெய்லர் இழுக்கும் முன்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு மாற்றும்போதும், கேட்டரிங், மேடை அலங்காரம், ஒலி அமைப்பு என்று சிறு தொழில் நடத்தும்போதும் மூடிய டிரெய்லர் கைகொடுக்கும். ‘இந்த எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும்’ என்று ஷோரூமில் சொன்னது நினைவிருக்கும். டிரெய்லரும் சாமானும் சேர்ந்து 4,400 பவுண்டுதான், இன்னும் 600 மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள். கணக்கு சரிதான், எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு.

கதவு ஸ்டிக்கரைப் படிக்காமல் விடுவது

ஓட்டுநர் கதவைத் திறந்தால் டயர் அழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே இருக்கும். இதுதான் பேலோட். டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின்பக்கம் அழுத்தும் எடையும், அதாவது டங் வெயிட்டும், இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஸ்டிக்கரில் 1,350 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நான்கு பேர் 650. டிக்கியில் பெட்டிகள் 150. வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஹிட்ச், அதாவது டிரெய்லரைக் கோக்கும் அமைப்பு, 50. 4,400 பவுண்டு டிரெய்லரின் டங் வெயிட் 12 சதவீதம் என்றால் 528. மொத்தம் 1,378. இழுக்கும் அளவில் 600 பவுண்டு மிச்சம் இருக்கும்போதே பேலோட் தாண்டிவிட்டது. ஏழு பேர் உட்காரும் எஸ்யூவிகளில் பெரும்பாலும் முதலில் முட்டுவது இந்த எண்தான்.

இன்னொன்று: 5,000 பவுண்டு என்று விளம்பரம் வரும் அதே மாடல், டோ பேக்கேஜ் இல்லாமல் வந்திருந்தால் 3,500 பவுண்டோடு நின்றுவிடலாம். அந்தப் பேக்கேஜில் கியர் ஆயில் கூலர், வயரிங், சில வண்டிகளில் பெரிய ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து வரும். வெளியே கடையில் ஹிட்ச் மட்டும் மாட்டினால் இழுக்கும் திறன் ஒரு பவுண்டுகூட ஏறாது.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

படகும் மூடிய டிரெய்லரும் ஒரே எடையாக இருந்தாலும் இழுப்பது ஒன்றல்ல. 7 அடி அகலம், 6.5 அடி உயரம் உள்ள பெட்டியின் முகப்பு 45 சதுர அடிக்கு மேல். ஒரு சுவரையே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. பல கையேடுகளில் முகப்புப் பரப்புக்கும் வரம்பு கொடுத்திருப்பார்கள். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. 55 மைல் வேகத்திலிருந்து 70க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு, அதை வெல்ல எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு. கியர் ஆயில் கொதிப்பது இதனால்தான். டோ மோடை (டிரெய்லர் இழுக்கும்போது போடும் ஓட்டு முறையை)ப் போட்டுவிட்டு 60ஐ ஒட்டியே ஓட்டுங்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் சட்டப்படியான உச்சம்.

பின்பக்கம் தாழ்ந்தால் ஸ்பிரிங்கில் ஏர்பேக் மாட்டுவது

ஹிட்ச் உருண்டை பின் அச்சுக்கு 4 அடி பின்னால் இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 9.5 அடி என்றால், 500 பவுண்டு டங் வெயிட் பின் அச்சில் 500 மட்டும் ஏற்றாது. சீசா பலகையில் ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் எழும்புவது போல, முன் அச்சிலிருந்து சுமார் 210 பவுண்டைத் தூக்கிவிட்டு, பின்னால் 710 பவுண்டை ஏற்றும். ஸ்டீயரிங்கும் முன் பிரேக்கும் பிடிமானம் இழப்பது அப்படித்தான். ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை வண்டியை நிமிர்த்திக் காட்டும். முன் அச்சுக்கு ஒரு பவுண்டும் திரும்பிப் போகாது, பேலோடும் கூடாது. எடையை முன்னுக்குத் தள்ளுவது எடைப் பகிர்வு ஹிட்ச் மட்டுமே. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்ட முடியாது. சில தயாரிப்பாளர்கள் அது கட்டாயம் என்பார்கள், சிலர் கூடவே கூடாது என்பார்கள். கையேடு சொல்வதே முடிவு.

உருண்டை, கப்ளர், சங்கிலி

உருண்டையைக் கவ்வும் டிரெய்லர் மூக்கின் கிண்ணம்தான் கப்ளர். 1⅞ அங்குல உருண்டையில் 2 அங்குலக் கப்ளர் உட்காரும், பூட்டும் விழும். முதல் பள்ளத்திலேயே கழன்றுவிடலாம். கப்ளர் மேலேயே அளவு பொறித்திருக்கும். உருண்டையின் தலையிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். பூட்டிய பிறகு டிரெய்லர் ஜாக்கால் மூக்கை உயர்த்திப் பாருங்கள்: வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. உருண்டையின் நட்டைக் கை பலத்துக்கு முறுக்கினால் போதாது. ¾ அங்குலத் தண்டுக்கு 160 அடி-பவுண்டு, 1 அங்குலத் தண்டுக்கு 250 என்பது வழக்கமான அளவு. ஹிட்ச், உருண்டையைத் தாங்கும் கம்பி, உருண்டை, கப்ளர் நான்கிலும் எது குறைந்த எடைக்கு உரியதோ, அதுதான் உங்கள் வரம்பு.

சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் போல ஏந்தும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே போட வைக்கும் பிரேக்அவே கம்பியை அந்தச் சங்கிலியிலேயே மாட்டுவது அடிக்கடி பார்க்கும் தவறு. சங்கிலி போனால் அதுவும் போகும். வண்டியில் தனி இடத்தில் மாட்டுங்கள்.

ஏழு முனை பிளக் இருந்தால் பிரேக் இருக்கிறது என்று நம்புவது

நான்கு முனை பிளக் விளக்குகளுக்கு மட்டும். ஏழு முனையில் பிரேக் வயரும் உண்டு, ஆனால் டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பிரேக் கன்ட்ரோலர் வண்டிக்குள் இல்லையென்றால் அந்த வயரில் மின்சாரமே வராது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால், ஒன்டாரியோவில் 1,360 கிலோவிலிருந்து, டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கன்ட்ரோலரை ஏற்றிய சாமானோடு, காலியான சாலையில் 20, 25 மைல் வேகத்தில் சரிசெய்யுங்கள். கை லீவரை முழுக்க அழுத்தும்போது டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறைக்கவும், இழுப்பே தெரியாவிட்டால் கூட்டவும்.

டயர்

நிறைய ஓடாத டிரெய்லரின் டயரில் பட்டன் தேயாது, ரப்பர் கிழடாகும். பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடுவது நல்லது. காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கவாட்டில் எழுதிய அளவுக்கே நிரப்புங்கள். லோட் ரேஞ்ச் (டயர் சுமக்கும் திறனின் வகுப்பு) ‘சி’ டயருக்குப் பெரும்பாலும் 50 பிஎஸ்ஐ. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 10, 25, 50 மைலில் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

சாமானைக் கதவுப் பக்கமே குவிப்பது

கதவு பின்னால் இருப்பதால் பாரமானது கடைசியில் ஏறி அங்கேயே நின்றுவிடும். டங் வெயிட் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 15க்கு மேல் போனால் வண்டியின் பின்பக்கம் அழுந்தித் தாழும். பாரத்தில் 60 சதவீதம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

அளப்பதற்குக் குளியலறை எடை மெஷின் போதும். அதற்கு 3 அடி தள்ளி அதே உயரத்தில் செங்கல் வைத்து, இரண்டின் மேலும் கட்டையைப் போடுங்கள். டிரெய்லரைச் சமமாக வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மூக்கைச் செங்கல்லிலிருந்து 1 அடியில், மெஷினிலிருந்து 2 அடியில் இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். மொத்த எடைக்கு நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள எடை மேடை இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு பெரிய லாரி கடக்கும்போது ஆட்டம் வந்தால், வண்டி பிரேக்கை மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை ஏற்றியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். அடுத்து வரும் நிறுத்தத்தில் ஒதுக்கி, கதவோரம் ஏற்றியதை முன்னுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.