ஜப்பானில் முதல் அறிமுகம்: பெயரும் வேலையும்

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்ததும் எல்லார் முன்னாலும் நின்று உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். இதற்கு ஜிகொ ஷோகய் என்று பெயர். அரை நிமிடம் பேசினால் போதும்.

"ஹஜிமெமஷ்தெ. கார்த்திக் தொ மோஷிமஸ். இந்தொ நொ சென்னை கர கிமஷ்த. யொரொஷிகு ஒனெகய்ஷிமஸ்." அதாவது, 'முதல் முறையாகச் சந்திக்கிறோம். என் பெயர் கார்த்திக். இந்தியாவில் உள்ள சென்னையிலிருந்து வந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

'சென்னை கர கிமஷ்த' என்பது நம் 'சென்னையிலிருந்து வந்தேன்' போலவே அதே வரிசையில் அமைந்திருக்கிறது. வினை கடைசியில்தான் வரும். 'நான்' என்பதற்கு 'வதஷி' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லத் தேவையில்லை. அதனால் ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாமல், தமிழிலிருந்தே நேராகப் போங்கள். குறிப்பெடுப்பதும் தமிழ் எழுத்தில் இருந்தால் நல்லது. குறில், நெடில் அங்கேயும் முக்கியம்: ஒஜிசன் மாமா, ஒஜீசன் தாத்தா.

நமக்குப் பெரிய சிக்கல் பெயர்தான். அங்கே குடும்பப் பெயரோடு 'சன்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். நம் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். ஆகவே ஆபீசில் நாள் முழுக்க 'சுப்ரமணியன் சன்' என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள்! முதல் நாளே 'கார்த்திக் தொ யொந்தெ குதசய்' என்று சொல்லிவிடுங்கள். 'கார்த்திக் என்று கூப்பிடுங்கள்' என்று பொருள். உங்கள் பெயரோடு நீங்களே 'சன்' சேர்க்கக் கூடாது.

வெளிநாட்டுப் பெயர்களை அங்கே கதகானா என்ற எழுத்தில் எழுதுவார்கள். அதில் ர, ல, ள எல்லாம் ஒன்றுதான். முரளி அங்கே முராரி ஆகிவிடுவார். அதுவும் கண்ணன் பெயர்தானே, விட்டுவிடுங்கள். ஆனால் பேங்க், கம்பெனி, போன் எல்லாவற்றிலும் ஒரே கதகானா எழுத்துக்கூட்டையே கொடுங்கள். மாறினால் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகலாம்.

அப்புறம் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் 'ஒஷிகொதொ வ?' என்று கேட்டால் 'கய்ஷயின் தெஸ்' போதும். கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று அர்த்தம். கொஞ்சம் விவரமாக என்றால் 'ஐடி நொ கய்ஷ தெ ஹதரய்தெ இமஸ்', அதாவது ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் 'கய்கொ நொ ஷிகொதொ ஒ ஷ்தெ இமஸ்' என்று சொல்லலாம். ஆசிரியர் தன்னை 'க்யோஷி' என்றுதான் சொல்லிக்கொள்வார். 'சென்சே' மற்றவர்கள் கொடுக்கும் மரியாதை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 'ஷுஃபு தெஸ்' என்பார்கள்.

வெளிக் கம்பெனிக்காரர்களிடம் முதலில் கம்பெனி பெயர், பிறகு 'நொ' (நம் 'உடைய' போல), அதன் பிறகே உங்கள் பெயர். அவர்கள் முன்னால் உங்கள் மேலாளர் பெயரையும் 'சன்' இல்லாமல்தான் சொல்ல வேண்டும். பெரியவரை மொட்டையாகப் பேர் சொல்ல நமக்கு நாக்கு கூசும், ஆனால் அங்கே அதுதான் முறை.

விசிட்டிங் கார்டை, அதாவது மேஷியை, இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்குங்கள். வாங்கியதைப் பின் பாக்கெட்டில் திணிக்காமல், பேச்சு முடியும்வரை மேசைமேல் வைத்திருங்கள். உங்கள் கார்டு அச்சுக்குப் போகும் முன்பே கதகானாவிலும் பெயர் போடச் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் படிக்கத் திணற மாட்டார்.