பென்டோட் பிரீஆம்பில் ரெசிஸ்டர் மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்வு ஆம்பின் பிரீஆம்பில் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) 12ஏஎக்ஸ்7 போன்ற ட்ரையோடில் (மூன்று மின்முனை வால்வு) கை பழகியவர்கள் இஎஃப்86 பென்டோடுக்கு (ஐந்து மின்முனை வால்வு) வந்ததும் முதலில் சறுக்குவது பிளேட் ரெசிஸ்டரில்தான், அதாவது சப்ளைக்கும் வால்வின் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் ரெசிஸ்டரில். கெயின் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது) போதவில்லை என்று 100 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு 220 போடுவார்கள், மற்றதைத் தொடமாட்டார்கள். ட்ரையோடில் இது பெரும்பாலும் ஒப்பேறிவிடும். பிளேட் வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே குறைந்து, வால்வு தானாகச் சமாளித்துக்கொள்ளும். பென்டோடில் அந்தச் சலுகை கிடையாது. கரண்டைத் தீர்மானிப்பது ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் கூடுதல் கிரிட்) வோல்டேஜும், கிரிட் பயாஸும் (கேத்தோடை ஒப்பிட்டு கிரிட்டில் இருக்கும் வோல்டேஜ்) தான். பிளேட் வோல்டேஜின் பங்கு மிகச் சொற்பம்.

ஓர் உதாரணம்: சப்ளை 250 வோல்ட், ரெசிஸ்டர்கள் பிளேட்டில் 100 கிலோ, ஸ்கிரீனில் 390 கிலோ, கேத்தோடில் (எலெக்ட்ரான்களை வெளிவிடும் முனை) 1 கிலோ ஓம். பிளேட் கரண்ட் 1.6 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டரில் 160 வோல்ட் போக, பிளேட்டில் 90 மிஞ்சும். இப்போது பிளேட்டை மட்டும் 220 ஆக்கினால், அதே கரண்டுக்கு 352 வோல்ட் இறங்க வேண்டும். சப்ளையே 250தானே! பிளேட் அடிமட்டத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். எலெக்ட்ரான்களை ஸ்கிரீன் இழுத்துக்கொள்ளும். கெயின் கூடாது, சத்தம்தான் நெரிபட்டு வரும். "வால்வு போச்சு" என்று புதிது வாங்குபவர்களும் உண்டு.

இந்த மூன்று ரெசிஸ்டர்களும் ஒரு செட். 100 கிலோ பிளேட்டுக்கு 390 கிலோ ஸ்கிரீன், 1 கிலோ கேத்தோடு. 220 கிலோவுக்கு 1 மெகா, 2.2 கிலோ. முதல் செட்டில் கெயின் 100-ஐச் சற்றுத் தாண்டும், இரண்டாவதில் 180-ஐ ஒட்டி வரும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறும் ரெசிஸ்டர்). பென்டோடின் அவுட்புட் இம்பிடன்ஸ் (அடுத்த கட்டத்துக்குச் சிக்னல் போகும் இடத்தில் தெரியும் தடை) ஏறக்குறைய பிளேட் ரெசிஸ்டரின் மதிப்பேதான். 220 கிலோவுக்குப் பின்னால் 1 மெகா பாட் இருந்தால் வால்வு காணும் லோடு 180 கிலோ. 250 கிலோ பாட் போட்டால் 117 கிலோ. கெயினில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காலி. ரெசிஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அளப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கேத்தோடு ரெசிஸ்டரில் 2.2 கிலோவுக்கு 2.4 வோல்ட் வந்தால் 1.1 மில்லி ஆம்பியர். இது பிளேட்டும் ஸ்கிரீனும் சேர்ந்த கரண்ட். அதை அப்படியே பிளேட் கணக்கில் போட்டால் விடை தப்பும். ஸ்கிரீனை அளக்கும்போது 1 மெகா வழியாக வருவதால் மீட்டரே வோல்டேஜைச் சற்று இறக்கிக் காட்டும். ரெசிஸ்டரைக் கழற்றும் முன் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை வடித்து, மீட்டரில் பார்த்துவிடுங்கள். ஆம்பை அணைத்த பிறகும் உயிரை வாங்கும் வோல்டேஜ் அங்கே தேங்கி நிற்கும்.

ஸ்கிரீன் வோல்டேஜ் ஆடாமல் பிடித்துவைக்கும் பைபாஸ் கெப்பாசிட்டரை, வழக்கமாக 0.1 மைக்ரோஃபேரட், கழற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், கெயின் தரைமட்டமாகும். பிளேட்டுக்கு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் நல்லது, பழைய கார்பன் காம்போசிஷன் இரையும். கால் வாட் வேண்டாம்: வெப்பத்தைத் தாங்கினாலும் வோல்டேஜைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அரை வாட்டோ ஒரு வாட்டோ போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 'டிங்' என்று மணி அடிக்கிறதா? வால்வை பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் அந்தத் தட்டு கேட்டால் அது மைக்ரோஃபோனிக்ஸ், அதாவது அதிர்வை வால்வே சிக்னலாக மாற்றிவிடுவது. ஸ்பீக்கரும் சேசியும் (வால்வுகள் பொருத்திய உலோகச் சட்டம்) ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்பில் இஎஃப்86 இதற்குப் பேர்போனது. வேறு வால்வு அல்லது ரப்பர் மேல் பொருத்திய சாக்கெட், இவைதான் வழி.