ஹீட் பைப்பில் நானோ: தண்ணீரை விடுங்கள், திரியைக் கவனியுங்கள்

லேப்டாப்பைத் திறந்தால் பிராசசரில் இருந்து ஃபேன் வரைக்கும் போகும் தட்டையான செம்புக் குழாய்தான் ஹீட் பைப். உள்ளே காற்று கிடையாது, கொஞ்சம் தண்ணீரும் சுவரை ஒட்டி ஒரு திரியும் மட்டுமே. சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடிக் குளிர்கிறது, அப்புறம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல திரி வழியாகவே திரும்பி வருகிறது. திரும்பி வரும் வேகம் போதவில்லை என்றால் சூடான முனை வறண்டுவிடும், அவ்வளவுதான், குழாய் வெறும் செம்புத் துண்டாகிவிடும்.

நானோ என்றதும் பலரும் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) நானோ பொடியைத் தண்ணீரில் கலக்கத்தான் போகிறார்கள். 1995-ல் ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் சோய் இப்படி நானோ துகள் கலந்த திரவத்துக்கு ‘நானோஃப்ளூயிட்’ என்று பெயர் வைத்ததில் இருந்து அந்த வழி பிரபலம். ஆனால் அந்தத் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டே இருப்பதில்லை, கொதிக்கக் கொதிக்க திரியில் போய்ப் படிகின்றன. கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு அந்தப் படிவால்தான். படிவு கட்டியாகிவிட்டால் துளைகளே அடைபடும். அதனால் நான் சொல்வது, தண்ணீரைச் சுத்தமாக விட்டுவிட்டு திரியின் மேலேயே நானோ அமைப்பை வளர்த்துவிடுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. திரியாகப் போடும் 200 மெஷ் (அங்குலத்துக்கு 200 கண்கள்) செம்பு வலையின் பயனுறு துளை ஆரம் சுமார் 63 மைக்ரான். தண்ணீர் முழுசாக ஒட்டினால் அது இழுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 2200 பாஸ்கல், அதாவது 22 சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்கும் பலம். தண்ணீர் 60 டிகிரி கோணத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றால் இது பாதியாகிவிடும். நானோ முட்கள் இந்தப் பாதியை மீட்டுக் கொடுக்கின்றன.

செய்முறைக்கு வருவோம். கல்லூரி லேபில், புகைபோக்கி அறைக்குள் (ஃப்யூம் ஹூட்), கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மட்டும் செய்யுங்கள், ஏனென்றால் கலக்கும்போது அம்மோனியா வாயு வரும். வலையை அசிட்டோனில் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் முக்கி, அயனி நீக்கிய தண்ணீரில் நன்றாக அலசுங்கள். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஆறவிட்டு, பிறகு 2.3 கிராம் அம்மோனியம் பெர்சல்பேட் சேருங்கள் (சர்க்யூட் போர்டில் செம்பை அரித்தெடுப்பவர்களிடம் இருக்கும் அதே உப்பு). வலையை அதில் 15, 20 நிமிடம் விட்டால் வெளிர் நீலமாக மாறும், அது செம்பு ஹைட்ராக்சைடு ஊசிகள். அலசி உலர்த்தி 180 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் கறுத்து செம்பு ஆக்சைடு ஆகிவிடும்.

இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். செய்வதற்கு முன்னால் பரவாமல் மேடாக நின்ற துளி, இப்போது விழுந்த கணமே பரவிக் காணாமல் போகும். முதல் தடவை நான் கறுத்த வலையை மேஜையிலேயே சில நாள் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், துளி மறுபடி உருண்டு நின்றது. காற்றில் இருக்கும் எண்ணெய்ப் பசை மேற்பரப்பில் படிந்துவிடுகிறது, அதனால் அன்றைக்கே குழாய்க்குள் போட்டுவிடுங்கள், வெறும் கையால் தொடவும் கூடாது.

வலையை இரண்டு மூன்று சுற்றாக உருட்டி உள்ளே விட்டு, செம்புக் கம்பிச் சுருளால் சுவரோடு அழுத்துங்கள், இடைவெளி இருந்தால் நானோவெல்லாம் வீண். எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது? திரியை உலர்வாகவும் நனைத்தும் எடை போடுங்கள், வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மில்லி, அதற்கு மேல் 10 முதல் 20 சதவீதம். தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்துக் கரைந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஊற்றுங்கள், பிறகு வெற்றிடமாக்கி நிரப்புக் குழாயை நசுக்கி மூடுங்கள். மூடிய குழாயில் கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டாதீர்கள், 200 டிகிரியில் உள்ளே 15 பார் அழுத்தம் இருக்கும், வெடித்துவிடும்.

சோதிக்கும்போது சாதா வலை போட்ட இன்னொரு குழாயையும் பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது? ஒரு முனைக்குக் கொடுக்கும் வெப்பத்தை 5 வாட் 5 வாட்டாக ஏற்றி, வெப்பநிலை நிலைத்தபின் குறியுங்கள். 20 வாட்டில் ஒரு முனை 62, மறுமுனை 56 டிகிரி என்றால் வெப்பத்தடை வாட்டுக்கு 0.3 டிகிரி. படுக்கையாக வைத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமலே போகலாம். சூடான முனையை மேலே தூக்கி வையுங்கள், அப்போது தண்ணீர் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும், எந்தக் குழாய் முதலில் வறண்டு வெப்பநிலை சட்டென்று எகிறுகிறது என்பதில்தான் திரியின் தரம் தெரியும்.

ஒரு மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். குளிர் முனையின் கடைசிப் பகுதி மட்டும் சில்லென்று இருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. கசிவா, கழுவாமல் விட்ட ரசாயனமா என்று முதலில் அதைத் தேடுங்கள்.