ஒரே வேரியேஷனை வருஷம் முழுக்க ஆடாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து கதவைப் பூட்டப் போகும் நேரத்தில் ஓர் அம்மா கைப்பேசியை நீட்டினார். "டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

திரையில் அவருடைய மகள். பன்னிரண்டு வயது. 'டான் கிஹோட்டே' பாலேயின் கடைசி அங்கத்தில் கதாநாயகி கித்ரி விசிறியோடு தனியாக ஆடும் வேரியேஷனை ஆடிக்கொண்டிருந்தாள். விசிறி அழகாகத்தான் விரிந்து மூடியது. ஆனால் ஒவ்வொரு முறை விரல்நுனியில் ஏறும்போதும் கணுக்கால் உள்பக்கமாகச் சரிந்தது. "பதினோரு மாதமாக இதை மட்டும்தான் பழகுகிறாள் டீச்சர். அடுத்த வருஷம் போட்டிக்கு அனுப்பலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்மேல் கோபமில்லை. பதினான்கு வயதில் நானும் இதே கூத்தைத்தான் அடித்தேன்.

சிங்கப்பூரில் இருபது வருஷமாகப் பாலே சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளை வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அழைத்துப் போகிறேன். வருஷா வருஷம் புதிதாக வருபவர்கள் நான் விழுந்த அதே குழிகளில் வரிசை மாறாமல் விழுகிறார்கள். நன்றாகத் தூங்கு, தண்ணீர் குடி, கொண்டையை இறுக்கிக் கட்டு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை யாரும் சொல்வார்கள்.

ஒரே வேரியேஷன்

பரதநாட்டியம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடவுப் பயிற்சியை ஓரங்கட்டிவிட்டு ஒரு வருஷம் பூரா ஒரே தில்லானாவைப் பழகினால் எப்படி இருக்கும்? பாலே போட்டிக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் செய்வது அதுதான். வேரியேஷன் என்பது ஒரு முழு பாலேயிலிருந்து பிரித்தெடுத்த தனி ஆட்டம். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காக வாரத்தில் நான்கு நாள் தனிப்பயிற்சி. தினசரி வகுப்பு "நேரம் இருந்தால்".

என் கதையைச் சொல்கிறேன். எனக்குக் கொடுத்தது 'எஸ்மெரால்டா' வேரியேஷன். கையில் டாம்பரின், நம் கஞ்சிராவுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு வாத்தியம். அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, காலை உயர்த்திப் பாத நுனியால் தட்ட வேண்டும். தட்டினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அரங்கம் கைதட்டும். பதினான்கு வயதுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு வருஷம் அதையே ஆடினேன். வகுப்பில் மற்றவர்கள் பார் என்ற கைப்பிடிக் கம்பியருகே நின்று பிளியேவும் (முழங்காலை மடக்குவது) தாந்துவும் (பாதத்தைத் தரையில் உரசி நீட்டுவது) செய்துகொண்டிருக்க, நான் பக்கத்து அறையில் டாம்பரினைத் தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து எண்ணுவார்: இன்று பத்துக்கு எட்டு, இன்று பத்துக்கு ஒன்பது.

போட்டிக்குப் போனோம். எந்த ஊர், எந்தப் போட்டி என்பது வேண்டாம், தவறு முழுக்க எங்களுடையது. முதல் நாள் மேடையில்லை, வகுப்பு. நடுவர்கள் நீளமான மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்பின் தெரியாத ஓர் ஆசிரியை, இரண்டு உள்ளங்கைகளையும் பாதங்களாக வைத்து ஒரு தொடரைக் காட்டினார். இரண்டு தாந்து, பாதங்களின் நான்காம் நிலை, ஒற்றைக் காலில் சுற்றும் ஒரு பிரூவெட், முடிவில் ஐந்தாம் நிலை. ஒரே ஒரு முறைதான் காட்டினார். பியானோ தொடங்கிவிட்டது. வலது பக்கம் எப்படியோ சமாளித்தேன், முன்னால் நின்ற கொரியப் பெண்ணின் முதுகைப் பார்த்தபடி. அப்புறம் அவர் சொன்னார்: "இடது பக்கம்."

எஸ்மெரால்டாவில் நான் சுற்றியதெல்லாம் வலது பக்கம். உதைத்ததெல்லாம் வலது கால். ஒரு வருஷமாக என் இடது பக்கம் சும்மா கிடந்திருக்கிறது; எனக்கே தெரியாது. அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. மேசையில் ஒரு பேனா அசைந்ததைப் பார்த்தேன். மறுநாள் மேடையில் டாம்பரின் சத்தம் பத்துக்குப் பத்து. கைதட்டலும் கிடைத்தது. அடுத்த சுற்றுக்கு என் பெயர் வரவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் வலது பாதத்தில் வலி. இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் மெல்லிய கீறல். பாலே ஆடுபவர்களுக்கு அடிக்கடி கீறல் விழும் எலும்பு அதுதான் என்று மருத்துவர் சாதாரணமாகச் சொன்னார். ஒரே காலில், ஒரே இடத்தில், ஒரே விதமாக ஒரு வருஷம் எடை இறங்கினால் எலும்பு என்ன செய்யும்? மூன்று மாதம் நடனம் இல்லை. தனிப்பயிற்சிக்கும் உடைக்கும் விமானத்துக்கும் அப்பா கொடுத்த பணத்தின் கணக்கை அவர் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, இப்போது போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பிரி த லோசான் போட்டியை 1973இல் பிலிப் பிரவுன்ஷ்வைக்கும் அவர் மனைவி எல்வீரும் தொடங்கினார்கள். திறமையுள்ள பிள்ளைகள் நல்ல பள்ளியில் சேர்ந்து படிக்க உதவித்தொகை கொடுப்பதுதான் நோக்கம். 15 முதல் 18 வயதுக்காரர்கள் போகலாம், தொழில்முறைக் கலைஞராக இருக்கக்கூடாது. முதலில் காணொளி அனுப்ப வேண்டும். அந்தக் காணொளியிலேயே பார் பயிற்சியும், கம்பியைப் பிடிக்காமல் செய்யும் நடு அறைப் பயிற்சியும் கேட்கிறார்கள். தேர்வாகி வரும் எண்பது, தொண்ணூறு பேருக்கும் அந்த வாரம் முழுக்க வகுப்பு. வகுப்பையும் நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அவர்கள் தேடுவது இன்று முடிந்துபோன ஆட்டத்தை அல்ல, இந்த உடம்பை இன்னும் மூன்று வருஷம் பழக்கினால் எங்கே போகும் என்பதை. அது தெரியும் இடம் வகுப்புதான்.

வேரியேஷனையும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, பட்டியல் தருவார்கள். 15, 16 வயதுக்கு ஒன்று, 17, 18 வயதுக்கு வேறொன்று. கனமானதைச் சின்னப் பிள்ளை தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று அவர்களே வேலி போட்டிருக்கிறார்கள். நாம்தான் பன்னிரண்டு வயதில் வேலியைத் தாண்டுகிறோம்.

வேரியேஷன் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான். நல்ல நாளில் என்ன முடிகிறது என்று பார்க்காதீர்கள். தூக்கமில்லாமல், விமானத்தில் கால் வீங்கி, குளிரில் நிற்கும் நாளில் என்ன முடியும் என்று பாருங்கள். மூன்று சுற்று பத்துக்கு நான்கு முறை வருகிறதா? அப்படியானால் அவள் இரண்டு சுற்று ஆடுகிறாள், அவ்வளவுதான். 'ஜிசெல்' முதல் அங்கத்தில் ஒற்றைக் கால் விரல்நுனியில் துள்ளிக்கொண்டே மேடையைக் குறுக்காகக் கடக்கும் இடம் இருக்கிறது. கணுக்கால் தாங்காத பிள்ளை அதைச் செய்தால் நடுவர் முகத்தைப் பார்க்கமாட்டார், முழங்காலைப் பார்த்துப் பயப்படுவார். அதற்குப் பதில் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் நீலப்பறவையோடு வரும் இளவரசி ஃபுளோரினை ஆடட்டும். பார்க்க எளிமையாக இருக்கும். பாதம், கழுத்து, காது மூன்றும் சரியாக இருந்தால்தான் அது எடுபடும்.

ஒரு வேரியேஷனுக்கு மூன்று, நான்கு மாதம் போதும். வாரத்தில் இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் வகுப்பு, இரண்டு பக்கமும். வீட்டில் பழகினால் இடது பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கிரேடு சான்றிதழை நம்பி இறங்குவது

எங்கள் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் தேர்வுகளை எழுதி வளர்கிறவர்கள். நல்ல பாடத்திட்டம், குறை சொல்லமாட்டேன். ஆனால் கிரேடு தேர்வில் வரும் பயிற்சிகள் முன்பே தெரிந்தவை, இசை உட்பட. மாதக்கணக்கில் பழகி, தூக்கத்தில் எழுப்பினாலும் ஆடுவார்கள். போட்டி வகுப்பில் எதுவுமே முன்பே தெரியாது. 'டிஸ்டிங்ஷன்' வாங்கிய பெண், ஒருமுறை காட்டியதைப் பிடிக்க முடியாமல் நடு அறையில் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதம் இரண்டு முறையாவது வேறு ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்புங்கள். ரஷ்ய வகனோவா முறை, இத்தாலிய செக்கெட்டி முறை, எதுவானாலும் சரி. கையின் வளைவும் சொல்லும் மாறும். அந்தக் குழப்பத்தை இங்கேயே அனுபவித்துவிட்டுப் போகட்டும்.

யூடியூபைப் பார்த்து ஆடுவது

முப்பது வயது நட்சத்திரத்தின் முகபாவத்தைப் பதிமூன்று வயது முகத்தில் ஒட்டவைத்தால் கேலியாகத்தான் இருக்கும்.

நவீன நடனத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது

லோசானில் செவ்வியல் வேரியேஷனுக்குச் சமமாக நவீன வேரியேஷனும் உண்டு. இன்றைய நடனக் கம்பெனிகள் பாதி மாலை 'ஸ்வான் லேக்' ஆடினால் மறுபாதி வேறெதையோ ஆடுகின்றன. இதற்கு மேல் என்ன சொல்ல?

மேடை தட்டையாக இருக்கும் என்று நினைப்பது

ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் மேடை பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும். லோசானில் போட்டி நடக்கும் பொலியூ அரங்கும் இந்தச் சரிவுக்குப் பேர்போனது. தட்டையான தரையில் பழகிய பிள்ளை அங்கே நிமிர்ந்து நின்றாலே எடை விரல்களுக்குப் போய்விடும். சுற்றும்போது மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்து, முடிக்கும்போது விளக்குக்குப் பக்கத்தில் இருப்பாள். எடையைக் கொஞ்சம் பின்னால் வைக்கப் பழக வேண்டும். ஒத்திகையில் கிடைக்கும் சில நிமிடங்களில் முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்க்காமல் சுற்றும் இடங்களை மட்டும் பாருங்கள்.

பல்கேரியாவின் வர்னா போட்டி 1964இலிருந்து நடப்பது. கடற்கரைப் பூங்காவில், திறந்தவெளி அரங்கில். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாரிஷ்னிகோவ் 1966இல் இளையோர் பிரிவில் தங்கம் வாங்கியது அங்கேதான். மேலே கூரை இல்லை, பக்கத்தில் கடல். ஷூ வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் ரோசின் தூளை மறந்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு புது ஷூ

வேண்டாம். விரல்நுனியில் ஏறப் போடும் பாயிண்ட் ஷூவின் முன்பகுதி துணியும் பசையும் காகிதமும் அடுக்கி இறுகியது. புதிதாக இருந்தால் மரக்கட்டை, வியர்வையில் ஊறினால் தொளதொள. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலை சில மணி நேரம்தான். மூன்று ஜோடி கொண்டுபோங்கள், மூன்றும் வெவ்வேறு பதத்தில். பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டு அழுத அனுபவமும் எனக்கு உண்டு.

உயரம் கூடுவதைக் கணக்கில் எடுக்காதது

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒரே வருஷத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளரும் பிள்ளைகள் உண்டு. எலும்பு ஓடும், தசை பின்னால் வரும். போன மாதம் வந்த சுற்று இந்த மாதம் வராது. சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள், தொடைத் தசையை இழுத்துப் பிய்ப்பார்கள். அந்தச் சில மாதங்களில் போட்டி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும், தானாகத் திரும்பி வரும். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு உயரம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உடையின் அளவைவிட அந்தக் கோடு எனக்கு அதிகம் சொல்லும்.

பதக்கத்தைக் குறிவைப்பது

1999இல் போல்ஷோய் அரங்கின் முன்னாள் கலைஞர்களான லாரிஸா, கென்னாதி சவெலியெவ் தம்பதி அமெரிக்காவில் தொடங்கிய யூத் அமெரிக்கா கிராண்ட் பிரி போட்டியில் ஒன்பது வயதிலிருந்தே சேரலாம். ஆகவே ஒன்பது வயதில் பதக்கம் வாங்கியே ஆகவேண்டும் என்று சில வீடுகளில் ஒரு வெறி. அந்த வயதுப் பதக்கத்தைப் பிற்பாடு யாரும் கேட்பதில்லை. கேட்பது எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்றுதான்.

பீட்டர்ஸ்பர்க் வகனோவா அகாடமி போன்ற பள்ளிகள் பத்து வயதில் எடுத்துக்கொண்டு எட்டு வருஷம் வைத்திருக்கும். லண்டன் ராயல் பாலே பள்ளியில் 11 வயதில் ஒய்ட் லாட்ஜ் கிளையில் சேரலாம், அப்புறம் 16இல் மேல்நிலைப் பிரிவு. அப்படி ஒரு பள்ளி அருகில் இல்லாத நாட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டி ஒரு பக்கவாசல். லோசானில் இறுதிச் சுற்றுக்கு வராதவர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். பள்ளி இயக்குநர்கள் உட்கார்ந்து பார்த்து, பிடித்தவர்களை அழைக்கிறார்கள். தோற்றுவிட்டோம் என்று விடுதி அறையில் போர்வைக்குள் சுருண்டு அந்த வகுப்பைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். கோபம் வரும்.

பெற்றோருக்கு

வகுப்பறைக் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டாதீர்கள்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மகளை வகுப்புக்கு அனுப்புங்கள், போட்டியைப் பிறகு பார்க்கலாம் என்றேன். முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள், பையில் விசிறியோடு. சிவப்புப் பட்டு, ஓரத்தில் கறுப்புச் சரிகை, நல்ல விசிறி. பதினாறு வயதில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். என் டாம்பரினுக்குப் பக்கத்தில், அலமாரியில் இருக்கிறது.